பேச்சு கேட்கணும்: பல்கலைக்கழக அரங்கில் நாடகப் பதிவு திரையிடுவது எப்படி

நான் ஆங்கிலத் துறைக்காரன் இல்லை. தென் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கக் கூடங்களின் மைக், புரொஜெக்டர், ஒயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப உதவியாளர். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். ஸ்பெஷல் நாடகத்துக்கு அவர் போகும்போது ஒயர் சுற்ற நானும் போவேன். வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிய விடிய ஓடும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருத்தி "யப்பா மைக்செட்டு, பேச்சு கேக்கலப்பா" என்று குரல் கொடுப்பாள். அப்பாவுக்கு வேர்த்துவிடும். லைட் போனால்கூட அவ்வளவு பதற மாட்டார், பெட்ரோமாக்ஸை ஏற்றி ஓட்டிவிடலாம் என்பார்.

சில வருஷத்துக்கு முன் ஆங்கிலத் துறை மேடம் ஒருவர், மேடையில் நடந்த நாடகங்களைக் கேமரா வைத்துப் பிடித்த பதிவுகளை மாதம் ஒன்றாக மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று வந்து நின்றார். சினிமா போடுவதுதானே என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அது தப்பு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. இப்போது பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இது சினிமா இல்லை

சினிமாவில் வசனம் கேட்காவிட்டாலும் கதை ஓரளவு நகரும். ஷாட்டே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நாடகப் பதிவில் அப்படி இல்லை. நடிகர் கடைசி வரிசைக்குப் பேசுகிறார், கேமரா அதை ஒளிந்திருந்து பிடிக்கிறது. பேச்சு போனால் எல்லாம் போச்சு.

இந்த வகைப் பதிவு புதிதும் இல்லை. ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ஹாம்லெட்டை 1964-லேயே நியூயார்க் மேடையில் பல கேமரா வைத்துப் பிடித்து, அமெரிக்க சினிமா தியேட்டர்களில் இரண்டே நாள் ஓட்டினார்கள். பிறகு பிரதிகளை அழித்துவிடுவதாக ஏற்பாடு. தப்பிப் பிழைத்த பிரதியால்தான் இன்றைக்கு அதைப் பார்க்க முடிகிறது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 ஜூனில் ஹெலன் மிர்ரன் நடித்த 'ஃபெட்ரா'வை நேரலையாகச் சினிமா தியேட்டர்களுக்கு அனுப்பியதில் இருந்து இது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது.

முதலில் லைசென்ஸ்

மேடம் முதல் தடவை வந்தபோது கையில் ஒரு யூடியூப் லிங்க்தான் இருந்தது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். யூடியூப் விதிகளிலேயே பொதுத் திரையிடல் கூடாது என்று இருக்கிறது. 'நேஷனல் தியேட்டர் அட் ஹோம்' மாதிரி வீட்டுச் சந்தாவும் அப்படித்தான், வீட்டில் பார்க்க மட்டும்.

வழி இரண்டு. உங்கள் நூலகம் 'ட்ராமா ஆன்லைன்' அல்லது 'டிஜிட்டல் தியேட்டர் பிளஸ்' போன்ற நிறுவனச் சந்தா வைத்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இருந்தால், வகுப்புக்கு வெளியே அரங்கில் போட அந்த ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் டிவிடி. லண்டன் குளோப் அரங்கின் நாடகங்களும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் நாடகங்களும் நல்ல டிஸ்க்காகவே வந்திருக்கின்றன. வாங்கும் முன் உறையில் மண்டல எண்ணைப் பாருங்கள். பிரிட்டனுக்கு 2, நமக்கு 5. எண் பொருந்தாவிட்டால் நம் பிளேயரில் டிஸ்க் ஓடாமல் போகலாம். எல்லா மண்டலத்துக்கும் என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

நமது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் தன் செயல்பாட்டின் பகுதியாகப் படம் காட்ட இடம் கொடுக்கிறது. ஆனால் அவையில் ஆசிரியர், மாணவர், அவர்களுடைய பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆகவே டிக்கெட் போடாதீர்கள், கேட்டுக்கு வெளியே போஸ்டர் ஒட்டாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். சந்தா ஒப்பந்தம் இதைவிடக் கறாராக இருந்தால் ஒப்பந்தம் சொல்வதைக் கேளுங்கள்.

தமிழ் நாடகமும் போடலாமே என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் ஊர்த் திருவிழாவில் வீடியோக்காரர் பிடித்துப் போட்ட வள்ளி திருமணத்தை இறக்கிப் போடுவதற்கு முன், நடித்தவர்களிடமும் பிடித்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முடிந்தால் ஆர்மோனியக்காரரையும் பபூனையும் அரங்குக்கே அழைத்து, முன் வரிசையில் உட்கார வைத்து, வழிச்செலவு கொடுத்து அனுப்புங்கள். நாங்கள் ஒரு தடவை அப்படிச் செய்தோம். பபூன் தன் காட்சிக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

எதைப் போடுவது

இதில் மேடத்துக்கும் எனக்கும் சண்டையே வந்திருக்கிறது. பாடத்தில் இருக்கிறதே என்று மூன்றரை மணி நேர ஹாம்லெட்டில் தொடங்க நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். முதலில் போட்டது டேனி பாயில் இயக்கத்தில் 2011-இல் நேஷனல் தியேட்டரில் நடந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. சுமார் இரண்டு மணி நேரம், இடைவேளை கிடையாது. தொடக்கத்தில் பல நிமிஷத்துக்குப் பேச்சே இல்லை. விஞ்ஞானி ஒருவரால் படைக்கப்பட்டவன் கீழே விழுகிறான், புரள்கிறான், எழ முயல்கிறான், அவ்வளவுதான். ஆங்கிலம் என்றாலே பின் பெஞ்சுக்குப் போகும் முதலாண்டுப் பையன்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெனடிக்ட் கம்பர்பேட்ச், ஜானி லீ மில்லர் இருவரும் படைத்தவன், படைக்கப்பட்டவன் வேடங்களை நாளுக்கு நாள் மாற்றி நடித்தார்கள், இரண்டு வகைக்கும் பதிவு உண்டு. ஒன்றைப் போட்டுவிட்டு, மறு மாதம் மற்றதில் இருந்து ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள். பையன்கள் தாங்களே விவாதத்தில் இறங்கிவிடுவார்கள்.

எந்த நாடகமானாலும் யாராவது ஒருவர் கடைசி வரை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். ஃபிராங்கன்ஸ்டைனில் கடைசிப் பகுதியில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது. மேடம் தொடங்கும் முன் அதை வெளிப்படையாகச் சொன்னார், வெளியே போக வேண்டியவர்கள் எப்போது போகலாம் என்பது உட்பட. சொல்லாமல் போட்டிருந்தால் அடுத்த மாதம் அரங்கு கிடைத்திருக்காது.

எத்தனை மணிக்கு

மாலை ஆறு மணிக் காட்சி என்பது கேட்க நன்றாக இருக்கும். பெண்கள் விடுதியில் ஆறரைக்குக் கேட் பூட்டும் ஊரில் அது நடக்காது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, விடுதி நேரம் என்ன, இந்த இரண்டையும் முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு மதியம் ஒன்றரைதான் சரிப்பட்டது. மூன்று மணி நேர நாடகமும் இடைவேளையும் சேர்ந்து ஐந்துக்குள் முடிந்துவிடும். சாப்பிட்ட மயக்கத்தில் நாலு பேர் தூங்கத்தான் செய்வார்கள், தூங்கட்டும்.

நேரம் போதவில்லை என்று பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் போடும் யோசனை கண்டிப்பாக வரும். கூடவே கூடாது. இரண்டாம் நாள் பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர்களுக்குக் கதை மறந்திருக்கும்.

கடிதம் துறைத் தலைவர் வழியாகப் பதிவாளருக்குப் போக வேண்டும், மூன்று வாரம் முன்னால். நகல் எலெக்ட்ரீஷியனுக்கும் வாட்ச்மேனுக்கும் போகட்டும். கடிதத்தைவிட அந்த இரண்டு பேர்தான் முக்கியம்.

சத்தம்

இரண்டாவது மாதம் குளோப் அரங்கில் நடந்த ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்', 2012 தயாரிப்பு. எல்லா வேடமும் ஆண்கள்தான். மார்க் ரைலன்ஸ் ஒலிவியா என்ற சீமாட்டியாக வருவார், சக்கரம் வைத்த பொம்மை மாதிரி மேடையில் வழுக்கிக்கொண்டு போவார். அரங்கில் நூற்றிருபது பேர். டிவிடி பிளேயரில் டிஸ்க்கைப் போட்டேன். வாத்தியம் அருமையாகக் கேட்டது. ஓர்சினோ பிரபு வாயைத் திறந்தார். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஏதோ முணுமுணுப்பு. அந்த நாடகத்தின் முதல் வசனமே இசையைப் பற்றியதுதான். இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். வாத்தியம் காதைக் கிழித்தது, பிரபு முணுமுணுத்தபடியே இருந்தார். பின் வரிசையில் இருந்து ஒரு பையன், "அண்ணா, பேச்சு கேக்கல" என்றான். எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

காரணம் இதுதான். அந்த டிஸ்க்கில் ஒலி 5.1 முறையில் இருந்தது, அதாவது ஆறு தனி வழிகள். பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று ஒதுக்கிய வழியில் வரும். வாத்தியம் இடது வலதில், கூட்டத்தின் சிரிப்பு பின்னால். எங்கள் பிளேயரின் பின்பக்கம் ஆறு ஓட்டை இருந்தது, நான் இடது வலது இரண்டில் மட்டும் ஒயர் சொருகியிருந்தேன். நடு வழிக்கு வந்த பேச்சு ஸ்பீக்கர் இல்லாத ஓட்டையில் போய் நின்றுவிட்டது. லேசாகக் கேட்டது கூட, மற்ற வழிகளில் சிந்தியதுதான்.

தீர்வு ஒரு நிமிஷ வேலை. டிஸ்க் மெனுவில் ஒலிப் பகுதிக்குப் போய் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலான நாடக டிஸ்க்குகளில் அது தனியாக இருக்கும். இல்லாவிட்டால் பிளேயரின் ஸ்பீக்கர் அமைப்பில் 5.1 என்பதை இரண்டு ஸ்பீக்கராக மாற்றுங்கள், அது நடு வழியை இரண்டு பக்கமும் பிரித்துக் கலந்துவிடும். லேப்டாப் என்றால் விண்டோஸ் ஒலி அமைப்பிலும் ஸ்டீரியோ இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அன்றைக்கு இது எதுவும் ஓடவில்லை. பதினைந்து நிமிஷம் போராடி, கடைசியில் அந்த நடு ஓட்டையில் இருந்து தனி ஒயர் எடுத்து மிக்சரில், அதாவது பல ஒயரில் வரும் சத்தத்தைக் கலந்து ஸ்பீக்கர் பக்கம் அனுப்பும் பெட்டியில், சொருகினேன். ஓர்சினோ பேசினார். பையன்கள் கைதட்டினார்கள், எனக்குத்தான்.

அடுத்தது எதிரொலி. நமது அரங்குகள் பாதிக்கு மேல் கிரானைட் தரை, வழவழச் சுவர், கண்ணாடி ஜன்னல். விழாப் பேச்சுக்கே வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாலு சுவரிலும் மாட்டியிருக்கும் பாக்ஸ்களை எல்லாம் அணைத்துவிட்டு, திரைக்கு இரண்டு பக்கமும் இரண்டே இரண்டு ஸ்பீக்கர், ஆள் தலைக்கு மேல் உயரத்தில், பின் வரிசைகளை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். மிக்சரில் அடிமட்ட இரைச்சலை வெட்டும் 'லோ கட்' பொத்தானை அமுக்குங்கள். பேஸைக் குறையுங்கள், பேச்சின் மெய்யெழுத்துகள் இருக்கும் இரண்டிலிருந்து நான்கு கிலோஹெர்ட்ஸ் பகுதியை ஒரு துளி ஏற்றுங்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுங்கள், வெளிச்சத்தை மறைப்பதோடு எதிரொலியையும் குடிக்கும். மின்விசிறியை மூன்றில் வையுங்கள், ஐந்தில் வைத்தால் காற்றுச் சத்தமே ஒரு பாத்திரமாகிவிடும்.

காலி அரங்கில் சோதித்தால் கூட்டம் வந்த பிறகு இருப்பதைவிட அதிகமாக எதிரொலிக்கும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் அடங்கும். அதனால் சோதனையில் சுமாராக இருந்தால் பயப்பட வேண்டாம். நான் சோதிக்கும் முறை வேறு. எங்கள் வாட்ச்மேன் அண்ணாச்சியைக் கடைசி வரிசை மூலையில் உட்கார வைப்பேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நாடகத்தில் வேகமாகப் பேசும் இடமாகப் பார்த்து மூன்று நிமிஷம் ஓட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "என்ன பேசுதாங்கன்னு தெரியல தம்பி. ஆனா எவன் கோவமா பேசுதான், எவன் நக்கலா பேசுதான்னு தெரியுது" என்று அவர் சொன்னால் போதும், கதவைத் திறந்துவிடலாம். ஆங்கிலம் தெரிந்தவரை உட்கார வைத்தால் விட்டுப்போன வார்த்தையை அவரே மனதில் நிரப்பிக்கொண்டு 'சூப்பர்' என்பார்.

லேப்டாப்பை மிக்சரில் சொருகியதும் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியாக வருகிற இரைச்சல். டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள், அந்த எர்த் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் அனுப்பும் சின்னப் பெட்டி அது. சிலர் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுவார்கள். உயிரோடு விளையாடும் வேலை, செய்யாதீர்கள்.

அப்புறம் சப்டைட்டில். ஆங்கில நாடகத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போடுவதா என்று மேடம் முதலில் தயங்கினார், கண் கீழேயே நிற்கும் என்று. எனக்கு அதில் சந்தேகமே இல்லை, போட வேண்டும். ஷேக்ஸ்பியர் ஆங்கிலத்தைக் காதால் மட்டும் பிடிக்க எங்கள் பிள்ளைகளால் முடியாது. கூடவே தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுப்போம், யார் யாருக்கு என்ன உறவு, கதை எங்கே தொடங்குகிறது என்று. முடிவை எழுத மாட்டோம். ட்வெல்ஃப்த் நைட்டில் இரட்டையர் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டோம், இல்லாவிட்டால் பாதி அரங்கு குழம்பிவிடும்.

படம்

சத்தத்துக்குச் சொன்ன அளவு இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பன்னிரண்டடி அகலத் திரைக்கு, ஜன்னலை மூடிவிட்டால், 4000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் தாராளம். கடைசி வரிசை திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்கட்டும். அதற்குப் பின்னால் இருக்கும் நாற்காலிகளைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள், இல்லையென்றால் நம் ஆட்கள் அங்கேதான் போய் உட்காருவார்கள்.

ஒரு விஷயம் மட்டும். புரொஜெக்டரில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' அல்லது 'ஆட்டோ ஐரிஸ்' என்று இருக்கும், அதை அணையுங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் மேடைக்கு மேலே ஆயிரக்கணக்கான பல்புகள் தொங்கும், இருட்டில் திடீரென்று எல்லாம் சேர்ந்து பளிச்சிடும். புரொஜெக்டர் தானாகவே வெளிச்சத்தைச் சரி செய்கிறேன் என்று கிளம்பினால் ஒவ்வொரு பளிச்சுக்கும் படம் மூச்சு வாங்கும்.

இணையச் சந்தாவில் இருந்து ஓட்டும்போது சத்தம் வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். நடுவில் இருக்கும் பழைய ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு படத்தை இரண்டு ஒயருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, நகல் தடுப்புக் குறியீட்டைப் புரிந்துகொள்ளவில்லை. அதை எடுத்துவிட்டு நேராகச் சொருகுங்கள். எச்டிஎம்ஐ ஒயர் பதினைந்து மீட்டரைத் தாண்டுமென்றால் சாதா ஒயர் காலை வாரும், ஆப்டிகல் வகை வாங்குங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். ஒரு தடவை துறைக் குழுவில் யாரோ போட்ட 'குட் ஆஃப்டர்நூன்' ரோஜாப்பூ, ஒலிவியாவின் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அன்றைக்கு

கரண்ட் போகும். எப்போது என்பதுதான் கேள்வி. ஜெனரேட்டர் எடுக்க எங்கள் எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு நிமிஷம். ஆனால் லாம்ப் வகைப் புரொஜெக்டர் சூட்டோடு அணைந்தால் ஆறினால்தான் மறுபடி எரியும், அதற்கு இன்னும் சில நிமிஷம். இருட்டில் நூறு பேரை அவ்வளவு நேரம் உட்கார வைத்தால் செல்போன் டார்ச்சும் விசிலும் தொடங்கிவிடும். புரொஜெக்டர், லேப்டாப் அல்லது பிளேயர், மிக்சர், இவை மட்டும் ஒரு கேவிஏ யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயரை அதில் ஏற்றாதீர்கள். கரண்ட் போனதும் நீங்கள் செய்ய வேண்டியது நாடகத்தை நிறுத்தி வைப்பது மட்டும்தான்.

கதவை நேரத்துக்கு மூடுங்கள். தாமதமாக வருகிறவர்களை முதல் காட்சி முடியும் வரை வெளியே நிறுத்துங்கள், உதவிப் பேராசிரியராக இருந்தாலும். வருகைப் பதிவுத் தாளை நாடகம் ஓடும்போது சுற்ற விடாதீர்கள். அது வரிசை வரிசையாகப் போகும் சரசரப்பு எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்னவோ, தாங்க முடியாது. இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம்.

இடைவேளையைப் பதிவிலேயே வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பல டிஸ்க்குகளில் அதை வெட்டியிருப்பார்கள், முதல் பாதி முடிந்து சட்டென்று இரண்டாம் பாதி வந்துவிடும். முன்கூட்டிப் பார்க்கும்போதே மணி, நிமிஷம், வினாடி மூன்றையும் குறித்து வைத்து நீங்களே நிறுத்துங்கள். பதினைந்து நிமிஷம் டீ, சுண்டல். சுண்டலைத் தொன்னையில் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் வரும் சிப்ஸ் வாங்கினால் இரண்டாம் பாதி முழுக்க அதைத்தான் கேட்பீர்கள்.

முடியும்போது நடிகர்கள் வரிசையாக வந்து வணங்குவார்கள். விளக்கைப் போட அவசரப்படாதீர்கள். எங்கள் அரங்கில் யாரும் சொல்லித்தராமலே அந்த இடத்தில் கைதட்டுகிறார்கள், லண்டனில் என்றோ நடந்து முடிந்த நாடகத்துக்கு. அது ஓய்ந்த பிறகு முதலில் ஓர விளக்கு, அப்புறம் பெரிய விளக்கு. மேடம் பத்து நிமிஷம் பேசுவார், பிறகு பிள்ளைகள். பேருந்து நேரம் நெருங்கினால் நான் பின்னால் இருந்து கையைத் தூக்குவேன்.

எல்லோரும் போன பிறகு புரொஜெக்டரை ரிமோட்டில் அணையுங்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், தானாக நிற்கட்டும். அதற்குள் ஒயரைச் சுற்றிவிடலாம். முழங்கையில் சுற்றாமல், எட்டுப் போட்டுச் சுற்றுங்கள்.